சிவப்புப் புள்ளி இல்லாத வரிசை

அந்தக் கணினி எழுபது மணி இருபது நிமிடம் ஓடியது. இடையில் மூன்று முறை தானாக அணைந்ததை நான் கழிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி போட்டுவிட்டார்கள்.

நான் இந்த எண்ணைச் சொன்னதும் நீங்கள் வாக்குமூலம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள், ஐயா. தீயணைப்புக்காரர்கள் கொடுத்த தாளில், பக்கத்து வீட்டார் புகையைக் கண்டது புதன்கிழமை பகல் பன்னிரண்டரை என்று இருக்கிறது. ஞாயிறு பகல் ஒரு மணிக்கு அதை ஓடவிட்டவள் நான். அப்படிப் பார்த்தால் எழுபத்தொன்றரை மணி நேரம் வரும். அந்த வித்தியாசத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. இயற்பியல் படித்தேன். படிப்பு முடிந்து ஒரு வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். பிறகு கம்ப்யூட்டர் தெருவில் அபூ லைத்தின் கடையில் சேர்ந்தேன். கீழே விற்பனை, மாடியில் பட்டறை. மாடியில் நானும் ஹம்மூதியும்தான். அந்தத் தெருவில் திருப்புளி பிடிக்கிற பெண் நான் ஒருத்தி. முதல் மாதம் பக்கத்துக் கடைக்காரர்கள் டீ குடிக்கிற சாக்கில் மாடி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் குனிந்துகொண்டே வேலை செய்வேன்.

எங்கள் தெருவில் விற்பது பெரும்பாலும் பழைய சாமான். ஐரோப்பாவில் அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகள் பெட்டி பெட்டியாக வரும். பழைய சாமான் என்பதால் தெரு முழுக்க ஒரு வழக்கம் உண்டு. எழுபத்திரண்டு மணி நேரம் சோதித்துப் பார்க்கலாம். அதற்குள் திரும்பிக் கொண்டுவந்தால் காரணம் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்திரண்டு தாண்டினால் அது வாங்கியவர் தலையெழுத்து.

அபூ லைத் மாடியில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார். அதில் எங்கள் பெயர்கள். யார் பூட்டிய கணினி எழுபத்திரண்டுக்குள் திரும்பி வருகிறதோ அவர் வரிசையில் ஒரு சிவப்புப் புள்ளி. ஹம்மூதியின் வரிசையில் பதினேழு. என் வரிசையில் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர்களை மாடிக்கு அழைத்துவந்து காட்டுவார்.

“பாருங்க, நம்ம நிப்ராஸ். மூணு வருஷம். ஒரு புள்ளி இருக்கா?”

“அவ பூட்டற மெஷின் எப்படித் திரும்பி வரும் ஹாஜி?” என்பான் ஹம்மூதி. “அதுவும் அவள மாதிரி வெட்கப்படும். ரிப்பேரானாலும் வாயத் திறந்து சொல்லாது.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவர்கள் போனபின் அந்தக் காலி வரிசையை ஒருமுறை பார்ப்பேன். என் வாழ்க்கையில் மற்றவர்களுக்குக் காட்டும்படி இருந்தது அது ஒன்றுதான்.

தபாரக் ஜூன் முதல் வாரத்தில் வந்தாள். கட்டடக்கலை கடைசி வருடம். அவள் வரைந்த மருத்துவமனைக்குள் நடந்து போவதுபோல ஒரு படம் செய்ய வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் கணினி கணக்குப்போட்டு உருவாக்க வேண்டும், நாள்கணக்கில் ஆகும். அவளிடம் இருந்தது நாங்கள் விற்ற அலுவலகக் கணினிதான், பதினைந்து வயதுக்குமேல் ஆனது. அதற்கு ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றாள்.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சொல்கிறேன். கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் பவர் சப்ளை. அந்தக் காலத்துச் சப்ளையின் மேல் நானூறு வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்கக் கூடாது. அந்த நானூறில் ஒரு பங்கு மூன்று வோல்ட்டுக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் போய்விடும். அப்போதைய கணினிகளுக்கு அது வேண்டியிருந்தது. இப்போதைய கார்டு தின்பது பன்னிரண்டு வோல்ட்டில். அவளுடைய சப்ளையின் ஒட்டுத்தாளில் பன்னிரண்டு வோல்ட்டுக்கு நேரே பதினேழு ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டால் பெருக்கினால் இருநூற்று நாலு வாட். கார்டுக்கு நூற்றைம்பது, பிராசசருக்குத் தொண்ணூறு. இருநூற்று நாலு ரொட்டி வேகும் அடுப்பில் இருநூற்று நாற்பது ரொட்டி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமில்லை. கடைப் படிக்கட்டில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், அது என் கையெழுத்து. பெரிய எழுத்தை நம்பாதீர்கள், பன்னிரண்டு வோல்ட்டின் ஆம்பியரைப் பாருங்கள், பிராசசருக்குப் போக மிஞ்சியதில் கால் பங்கைத் தொடாமல் விடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பழைய சப்ளையில் கார்டுக்கான வயர் இல்லாமல் மாற்று வயர் போட நேர்ந்தால் அதன் இரண்டு தலைகளையும் இரண்டு தனி வயர்களில் மாட்டுங்கள், ஒரே வயரில் மாட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரி இது: வீட்டில் மீன் சமைக்காதபோது மீன் வாடை வந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு எங்களைக் கேளுங்கள். பிளக்கின் பிளாஸ்டிக் வெந்தால் அப்படித்தான் நாறும்.

அந்தக் கணினிக்குப் பொருந்துகிற வடிவத்தில் நல்ல பவர் சப்ளை கடையில் இல்லை. வேறு ஊரிலிருந்து வர எட்டு நாள் ஆகும். அலமாரியில் ஒரு சின்ன கார்டு இருந்தது. அதற்குத் தனி வயரே வேண்டாம், செருகும் இடத்திலிருந்தே வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அதைக் கொடுத்திருக்கலாம். வேலை மெதுவாக நடக்கும், வேறு குறை இல்லை. அதைத்தான் முதலில் எடுத்தேன்.

ஹம்மூதி பார்த்துக்கொண்டிருந்தான். “இதாலயா மருத்துவமனை கட்டப் போற? பேஷண்ட் செத்துப்போயிருவான். நிப்ராஸ் அம்மாவுக்குப் பயம் வந்திருச்சு. புள்ளி விழுந்துரும்னு பயம்.”

தபாரக் என் முகத்தைப் பார்த்தாள். “அக்கா, உங்களால முடியாதுன்னா சொல்லுங்க. எதிர்க் கடையில முடியும்னு சொல்றாங்க.”

“முடியும்” என்றேன்.

அந்தச் சப்ளையில் எட்டக்கூடிய தூரத்தில் ஒரே வயர்தான் இருந்தது. மாற்று வயரின் இரண்டு தலைகளையும் அந்த ஒன்றிலேயே மாட்டினேன். இருவர் தூக்க வேண்டியதை ஒருவன் தலையில் வைத்தேன். அடுத்தது, கார்டில் எட்டுத் துளை, என் வயரில் ஆறு. அந்த மிச்ச இரண்டு துளைகளும் மின்சாரம் கொண்டுவருவதற்கு இல்லை, ஐயா. அவை ஒரு கேள்வி. எனக்கு வேண்டிய அளவு உன்னால் தர முடியுமா என்று கார்டு கேட்கிறது. பதில் வராவிட்டால் அது வேலை செய்யாது. நான் விரல் நீள வயர் ஒன்றைப் பற்றவைத்து, முடியும் என்று பதில் சொல்லவைத்தேன். பற்றவைத்தது சுத்தமாக இருந்தது. ஹம்மூதியே கிட்டே வந்து பார்த்து, “கை சுத்தம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய் வைத்தேன். வீட்டில் பெண்பிள்ளை இருப்பதால் கடையிலிருந்து பெண் வருவது அவர்களுக்கு நிம்மதி. அவளுடைய அப்பா உஸ்தாத் ஹிக்மத், பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் வாதம் வந்து இடப்பக்கம் சரியாக வராது. நாலுகால் தடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பார். அரசு மின்சாரம் பாதி நாள் இருக்காது. மாதக் காசு கட்டி வாங்கும் தெரு ஜெனரேட்டர் லைனில் ஒரு ஏசிதான் ஓடும் என்பதால் அப்பாவின் கட்டிலும் மகளின் மேசையும் ஒரே அறையில்.

“இது எத்தனை ஆம்பியர் சாப்பிடும்?” என்று கேட்டார். எங்கள் ஊரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். “நாங்க ஜெனரேட்டர்காரர் ஷல்லால்கிட்ட எட்டு ஆம்பியர் வாங்கறோம். ஏசிக்கே அஞ்சு போயிருது.”

வீட்டுக்கு வரும் ஆம்பியர் வேறு, பெட்டிக்குள் ஓடும் ஆம்பியர் வேறு என்று சொன்னேன். வாத்தியார் இல்லையா, ஒரே தடவையில் புரிந்துகொண்டார். “அப்ப வெளிய வாய்க்கால், உள்ள தண்ணிக்குழாய்” என்றார். பிறகு பெட்டிக்குள் எட்டிப்பார்த்தார். “இந்தப் பெட்டி பொறந்தப்ப என் மக எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டிருந்தா. அவ்வளவு பெரிய கார்டைத் தாங்குமா மகளே?”

“தாங்கும் உஸ்தாத்.”

“நீ சொன்னா சரி. படிச்ச பொண்ணு.”

காயவைத்த பஸ்ரா எலுமிச்சையில் போட்ட டீயை வலது கையால் தானே ஊற்றிக் கொடுத்தார். பாதி சிந்தியது. நான் கடையின் போன் எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.

திங்கள்கிழமை இரண்டு முறை அணைந்தது. மாலையில் தபாரக் போன் செய்தபோது பக்கத்தில் ஜெனரேட்டர்காரர் ஷல்லால் நின்றுகொண்டிருந்தார். அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் எது அணைந்தாலும் முதலில் ஜெனரேட்டர்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவர் போனை வாங்கினார்.

“இஞ்சினியரம்மா, ஒரு நியாயம் சொல்லுங்க. இந்தத் தெருவுல ஒரு வீட்டு முட்டை வேகலைன்னாலும் என் தலையத்தான் உருட்டறாங்க. என் லைன் கட்டாகியிருந்தா மேல ஃபேன் நிக்கணுமா இல்லையா? இவ வீட்டு ஃபேன் சுத்திக்கிட்டே இருந்திருக்கு. கேட்டேன், அவளே சொல்றா. அப்ப குத்தம் யாரு மேல?”

அவர் கேட்டது சரி. ஆறாம் வகுப்போடு நின்றவர் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு கேள்வியிலேயே பழுது பெட்டிக்குள் இருக்கிறது என்று அவர் காட்டிவிட்டார். பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. பழசானாலும் அது யோக்கியமானது. என்னால் முடியாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டது.

“அண்ணே, ஃபேன் அரை நொடி கட்டானா வேகத்துலயே சுத்திரும். கம்ப்யூட்டர் அதத் தாங்காது” என்றேன்.

“அப்படியா. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்” என்றார். அதன்பின் தபாரக்கிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குப் போனில் கேட்டது.

நான் சொன்னது பொய் இல்லை, ஐயா. ஃபேன் விஷயம் உண்மையிலேயே அப்படித்தான். இதை நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறை அணைந்தபோது, கார்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் போனிலேயே வழி காட்டினேன். அணைகிற எல்லைக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினோம். அதற்குப் பின் அணையவில்லை. தபாரக் சந்தோஷமாக நன்றி சொன்னாள். சப்ளை தன்னைக் காத்துக்கொண்டதே தவிர அந்த ஒற்றை வயரைக் காக்கவில்லை. வயர் தூக்கிக்கொண்டிருந்த சுமை கிட்டத்தட்ட அதேதான். முன்பு அணையும்போதாவது ஆறியது. இப்போது ஓய்வு இல்லை. கூவுகிற காவல்காரனின் வாயைப் பொத்தினேன், திருடனை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு.

புதன்கிழமை அபூ லைத் காலையில் காஹி என்கிற அடுக்கு ரொட்டியும் எருமைப் பாலேடும் வாங்கிவந்தார். “இன்னிக்கு ஒரு மணியோட அந்தக் கட்டடப் பொண்ணு மெஷின் கெடு முடியுது. நூத்தம்பதாவது மெஷின். புள்ளி இல்லாம நூத்தம்பது. ஹம்மூதி, கத்துக்கடா” என்றார்.

“ஒரு மணி ஆகட்டும் ஹாஜி. இன்னும் நேரம் இருக்கு” என்றான் அவன், வாயில் பாலேடு ஒழுக.

அந்தப் பகலில் என்ன நடந்தது என்று உங்கள் தாள்களில் இருக்கிறது. தபாரக் தன் ஆசிரியரைப் பார்க்கப் போயிருந்தாள். படம் உருவாகிக்கொண்டிருந்ததால் கணினியை அணைக்காமல் போனாள். முதலில் மேசை, பிறகு திரைச்சீலை, பிறகு நாற்காலி மெத்தையின் பஞ்சு. கதவை உடைத்தபோது உஸ்தாத் ஹிக்மத் கட்டிலில் படுத்திருந்தார். நெருப்பு அவரைத் தொடவில்லை, புகை போதுமாக இருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று துக்கவீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். தபாரக் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அணைக்காம போனது நான்தான் அக்கா” என்றாள். நான் அவள் கையை விடவில்லை.

தீப்பிடித்த அன்று மாலைக்குள், ஜெனரேட்டர் லைனால்தான் தீ என்று சொல்லித் தெருக்காரர்கள் ஷல்லாலின் ஜெனரேட்டரை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். அவர் வலது கை முறிந்தது. நீங்கள் அவரைக் கொண்டுவந்து அடைத்தது அவரைக் காப்பாற்றவும்தான் என்று கேள்விப்பட்டேன். பிறகு தொழில் தெரிந்தவர் கருத்து வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து கடைக்குக் காகிதம் வந்தது. “நம்ம நிப்ராஸ் எழுதுவா, இயற்பியல் படிச்சவ” என்றார் அபூ லைத். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஜெனரேட்டர் லைனில் திடீரென வோல்ட் உயர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்று எழுதினேன். வாய்ப்பு உண்டு என்றுதான். உயர்ந்தது என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்த ஒன்றரைப் பக்கத்தை வைத்துத்தான் அவர் நாற்பத்தேழு நாளாக உள்ளே இருக்கிறார். நாளை அவரை நீதிமன்றத்துக்கு அனுப்பப்போவதும் அதை வைத்துத்தான்.

போன சனிக்கிழமை ஷல்லாலின் மனைவி கடைக்கு வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். சண்டை போட வரவில்லை. கையில் ஒரு பல்பு வைத்திருந்தார்.

“நீங்கதானம்மா எழுதினது? எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டினாங்க. ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போயிடறேன். வோல்ட் ஏறுச்சுன்னு எழுதியிருக்கீங்க. எங்க வீடும் அதே லைன்தான். அன்னிக்கு எரிஞ்ச பல்பு இது. இன்னும் எரியுது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுது. வோல்ட் ஏறுனா ஒரு வீட்டுக்கு மட்டுமாம்மா ஏறும்?”

ஹம்மூதி வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போது புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கிண்டலாக ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

நான் திருப்புளியை எடுத்துப் பாதி பூட்டிய பெட்டியின் பக்கம் குனிந்தேன். அந்த அம்மா பல்பை மேலங்கி நுனியில் சுற்றிக்கொண்டார். “படிச்சவங்களுக்குத்தான் தெரியும், நான் என்னத்தக் கண்டேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் போனபின் பலகையைப் பார்த்தேன். என் வரிசை அப்படியே இருந்தது. அந்தக் கணினி திரும்பி வரவில்லை அல்லவா. எழுபத்திரண்டுக்குள் யாரும் அதைக் கடைக்குக் கொண்டுவரவில்லை. விதிப்படி எனக்குப் புள்ளி கிடையாது.

ஷல்லாலை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். ஒரே வயரில் இரண்டு தலையை மாட்டியது, அந்த விரல் நீள வயர், மூன்று முறை அணைந்ததை மறைத்தது, எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டேன். கருகிய பெட்டி உங்கள் கிடங்கில் இருக்கிறது. கார்டின் வாயில் பாருங்கள், நான் பற்றவைத்தது இன்னும் இருக்கும். தவறு செய்தாள், மறைத்தாள், மனசு கேட்காமல் வந்து சொன்னாள் என்று எழுதி முடிக்க உங்களுக்கு இதுவே போதும். நேற்று வரை நானும் இதோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

ஆனால் எழுபது மணி இருபது நிமிடம் என்று முதலிலேயே வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓடிய நேரத்தை நான் கணினியின் கணக்கில் சேர்ப்பதில்லை. அது என் கணக்கு.

புதன்கிழமை பதினொன்று இருபதுக்குக் கடையின் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஹம்மூதி கீழே இருந்தான். பேசி முடித்ததும் அந்த அழைப்பை அழித்துவிட்டேன். போன் கம்பெனியில் கேட்டால் இருக்கும். இரண்டு நிமிடத்துக்குக் குறைவு.

“மகளே, நான் தபாரக் அப்பா பேசறேன். பெட்டியில ஒட்டின நம்பரைப் பார்த்துப் பண்றேன். அவ காலேஜுக்குப் போயிருக்கா. மெஷின் பக்கத்துல இருந்து ஒரு வாடை வருது. மீன் வாடை. இன்னிக்கு எங்க வீட்டுல மீன் இல்ல.”

“மெஷின் ஓடுதா உஸ்தாத்?”

“நல்லா ஓடுது. படம் வந்துக்கிட்டே இருக்கு. சுவர்ப் பக்கம் போய்ப் பிளக்கைப் பிடுங்கட்டுமா? இந்தத் தடியோட போய்ச்சேரப் பத்து நிமிஷம் ஆகும். ஆனா போயிருவேன்.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணிக்கு இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு பலகையைப் பார்த்தேன்.

“வேண்டாம் உஸ்தாத். புதுசா மாட்டின கார்டு சூடானா அப்படித்தான் இருக்கும். பிடுங்கினா அவ மூணு நாள் வேலை போயிரும். நீங்க மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க. ஒரு மணிக்கு மேலயும் வாடை வந்தா எனக்குப் பண்ணுங்க.”

“சரி மகளே” என்றார் அவர். “நீ சொன்னா சரி.”

அவர் தூக்கத்தில் போகவில்லை, ஐயா. எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறேன் என்றார். வேண்டாம், படுங்கள் என்று சொன்னவள் நான்.